உறை பிரிக்கும் முன்: அமெரிக்கக் கல்லூரிகளில் சொராரிட்டியும் ஃப்ரட்டர்னிட்டியும்

2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராகப் பேசிய கமலா ஹாரிஸ், தன் குடும்பம் யார் யார் என்று அடுக்கியபோது 'சித்தி'களையும் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்குத் தமிழர்கள் கொண்டாடித் தீர்த்துவிட்டோம். அதே பட்டியலில் 'ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா' என்ற பெயரும் இருந்தது. அதை நம்மில் பலர் காதில் வாங்கவில்லை. அவர் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது சேர்ந்த சொராரிட்டி, அதாவது மாணவியர் சங்கம், அது. ஆண்களுக்கானது ஃப்ரட்டர்னிட்டி. 1908இல் அதே வளாகத்தில் தொடங்கியது. கல்லூரி நாளில் சேர்ந்த சங்கத்தை ஐம்பது தாண்டிய வயதிலும் சித்திகளோடு சேர்த்துச் சொல்கிறார் என்றால், இதை 'ஏதோ காலேஜ் கிளப்' என்று பெற்றோர் தள்ளிவிடுவதில் அர்த்தமில்லை.

கிளப் என்றால் பெயர் கொடுத்தால் போதும், பிடிக்காவிட்டால் போவதை நிறுத்திவிடலாம். இங்கே அவர்கள் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், பணம் கட்ட வேண்டும். சேர்ப்புச் சடங்கு முடிந்துவிட்டால் ஆயுளுக்கும் உறுப்பினர். பிள்ளைகள் தூக்கமில்லாமல் கவலைப்படுவதெல்லாம் 'என்னை எடுப்பார்களா' என்ற முதல் விஷயத்துக்காக. அது பெரும்பாலும் கணக்குப்படி நடப்பது, உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பவை கையெழுத்தும் பணமும் நேரமும்தான். அவற்றைத்தான் யாரும் முன்கூட்டிப் படிப்பதில்லை.

எந்த வாசல் வழியாக?

கிரேக்க எழுத்துப் பெயர்கள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். உள்ளே ஐந்தாறு தனி உலகங்கள் இருக்கின்றன. 1825இல் நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் தொடங்கிய கப்பா ஆல்ஃபாவின் வழியில் வந்தவை ஆண்களுக்கான பழைய ஃப்ரட்டர்னிட்டிகள். அவற்றை வளாகத்தில் ஐ.எஃப்.சி. (இன்டர்ஃப்ரட்டர்னிட்டி கவுன்சில்) என்ற குழு மேய்க்கிறது. பெண்களுக்கான பழைய சொராரிட்டிகள் இருபதுக்கும் மேல். அவற்றின் கூட்டமைப்பு 1902இல் உருவான தேசிய பான்ஹெலனிக் மாநாடு. கறுப்பின மாணவர்களின் ஒன்பது அமைப்புகள், 'டிவைன் நைன்', 1930இல் ஹோவர்டில் உருவான இன்னொரு கூட்டமைப்பின் கீழ் வருகின்றன. தெற்காசியப் பிள்ளைகள் 1990களில் தங்களுக்கென்று தொடங்கியவை தனி: பிங்ஹாம்டனில் 1994இல் இயோட்டா நூ டெல்டா, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1996இல் சிக்மா பீட்டா ரோ, ஹியூஸ்டனில் 1998இல் டெல்டா ஃபை ஒமேகா, அதே ஆண்டு ஆஸ்டினில் கப்பா ஃபை காமா. இவை போக, வணிகம், பொறியியல் என்று துறை சார்ந்த ஃப்ரட்டர்னிட்டிகளும் உண்டு. பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 'டைட்டில் நைன்' சட்டத்தில் உறுப்பினர் சேர்ப்புக்கான விலக்கு சமூக வகை அமைப்புகளுக்கு மட்டும்தான். அதனால் துறை சார்ந்தவை ஆண் பெண் இருவரையும் சேர்க்கும்.

தமிழ்நாட்டிலிருந்து எம்.எஸ். படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சமூக வகை அமைப்புகள் கிட்டத்தட்ட முழுக்க இளநிலை மாணவர்களுக்கானவை. உங்களுக்கு வரும் 'வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள்' மின்னஞ்சல் பெரும்பாலும் ஏதாவது ஹானர் சொசைட்டியிலிருந்து, அதாவது நன்றாகப் படிப்பவர்களுக்கான சங்கத்திலிருந்து, வந்ததாக இருக்கும். டவ் பீட்டா பை, ஃபை கப்பா ஃபை போன்றவை மதிப்புள்ளவை. ஆனால் அதே பாணியில் பெயர் வைத்துக்கொண்டு கட்டணம் வசூலிப்பதையே தொழிலாக வைத்திருப்பவையும் உண்டு. உங்கள் துறை அலுவலகத்தில் அந்த அமைப்பின் சாப்டர் (வளாகக் கிளை) இருக்கிறதா, பொறுப்பாசிரியர் யார் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் காசை மிச்சம் பிடியுங்கள்.

ஆகஸ்ட் வெயிலில் நடக்கும் கணக்கு

பான்ஹெலனிக் சொராரிட்டிகளின் ஆள் சேர்ப்புக்கு 'ரஷ்' என்று பெயர். அதிகாரிகள் 'ரெக்ரூட்மென்ட்' என்பார்கள், பிள்ளைகள் வாயில் ரஷ்தான். எப்போது நடக்கும் என்பது வளாகத்துக்கு வளாகம் மாறும். அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆகஸ்டில், வகுப்புகள் தொடங்கும் சமயத்திலேயே முடிந்துவிடும். அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வரிசையில் நிற்பார்கள். 2021இல் டிக்டாக் அதை உலகத்துக்கே காட்டிவிட்டது. வாண்டர்பில்ட்டில் ஜனவரியில் நடக்கும். டார்ட்மவுத்தில் இரண்டாம் ஆண்டு வரும்வரை பொறுக்க வேண்டும். ஆகஸ்ட் வளாகம் என்றால் பதிவு கோடை விடுமுறையிலேயே முடிந்துவிடும். 'போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று இருப்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுவது. பதிவுக் கட்டணம் திரும்ப வராது. பள்ளி மதிப்பெண்ணும் கேட்பார்கள். ஜி.பி.ஏ. எல்லைக்கோடு பெரும்பாலும் 2.5க்கும் 3.0க்கும் இடையில் இருக்கும்.

ரஷ் பொதுவாக நான்கு சுற்று. முதல் சுற்றில் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். வீடு என்றால் அந்தந்த சாப்டரின் உறுப்பினர்கள் கூடும், தங்கும் இடம். அடுத்தது அந்தந்த சாப்டரின் சேவைப் பணியைப் பற்றி, பிறகு வீட்டுக்குள் வாழ்க்கை எப்படி என்று, கடைசியில் 'ப்ரெஃபரன்ஸ்'. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் சாப்டர்கள் யாரைத் திரும்ப அழைப்பது என்று முடிவு செய்யும், நீங்களும் வரிசைப்படுத்திக் கொடுப்பீர்கள். இரண்டு பட்டியலையும் கணினி பொருத்தும். மறுநாள் காலை, உங்களைத் திரும்ப அழைத்த வீடுகளோடு ஓர் அட்டவணை வரும்.

அந்த அட்டவணையில் முதல் நாளே ஐந்து வீடு காணாமல் போயிருந்தால் அழுகை வரும். அழுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். 1,000 பெண்கள், 10 சாப்டர் என்று ஒரு கற்பனை வளாகத்தை வைத்துக்கொள்வோம். கடைசிச் சுற்றுவரை 700 பேர் நிற்கிறார்கள் என்றால் ஒரு சாப்டருக்கு 70 பேர் என்பது 'கோட்டா'. எல்லோரும் ஆசைப்படும் சாப்டர் ஒன்று இருக்கும். அது அழைத்தால் கிட்டத்தட்ட எல்லோரும் திரும்பி வருவார்கள். அது இரண்டாம் சுற்றுக்கு 900 பேரை அழைத்துவிட்டால் கடைசி நாளில் நூற்றுக்கணக்கானவர்களை ஒரேயடியாகக் கைவிட வேண்டிவரும். ஆகவே முதல் நாளே பாதிப் பேரைக் கழித்துவிடு என்று அந்த சாப்டருக்கு எண்ணிக்கை கொடுப்பார்கள். அவ்வளவாகப் பேர் வாங்காத சாப்டருக்கு 850 பேர்வரை அழைக்க அனுமதி கிடைக்கும். முந்தைய ஆண்டுகளில் அழைத்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதை வைத்து இந்த எண்ணிக்கையைப் போடுகிறார்கள். இருபது நிமிடம் பேசிய ஒருத்தியை 'வேண்டாம்' என்று ஐந்நூறு பேரோடு சேர்த்துக் கழிப்பது, அவள் முகத்தைப் பார்த்து எடுத்த முடிவல்ல.

ஆனால் முகத்தைப் பார்த்து எடுக்கும் முடிவுகளும் உண்டு, அதை மூடி மறைப்பதில் பயனில்லை. அலபாமாவில் 2013இல், தகுதியான கறுப்பினப் பெண்களுக்கு இடம் மறுக்கப்பட்டதை மாணவர் செய்தித்தாளே வெளியே கொண்டுவந்தது. பிறகுதான் பல்கலைக்கழகம் தலையிட்டு வாசலைத் திறக்க வைத்தது. ஒரு சாப்டரின் உறுப்பினர் படங்களை மூன்று நான்கு ஆண்டுக்குப் பின்னோக்கிப் பாருங்கள். ஒரே அச்சில் வார்த்த முகங்களாகவே இருந்தால், அது ஒரு தகவல்.

ரஷ் நாளில் என்ன தேவை என்பது எளிது. வீட்டுக்கு வீடு நடை, ஆகஸ்ட் வெயில், உள்ளே ஏசி, மறுபடி வெயில். நடப்பதற்குத் தட்டையான செருப்பு, வாசலில் மாற்றிக்கொள்ள நல்ல செருப்பு, பிளாஸ்டர், ஊக்கு, கையடக்க மின்விசிறி, தண்ணீர், கடித்துக்கொள்ள ஏதாவது. கைப்பேசியை உள்ளே எடுத்துப் போக விட மாட்டார்கள். அதனால் சின்ன நோட்டும் பேனாவும் பையில் இருக்கட்டும். ஒவ்வொரு வீட்டிலிருந்து வெளியே வந்ததும் இரண்டு வரி எழுதிவிடுங்கள். ஆறாவது வீட்டுக்குப் பிறகு எல்லா வீடும் ஒரே வீடாகிவிடும். பையை வைத்துவிட்டுப் போகும் இடத்தில் 'ரோ காமா' என்று ஒரு சீனியர் இருப்பார். சில வளாகங்களில் 'பை கை' என்பார்கள். ரஷ் முடியும்வரை தன் சொராரிட்டி எது என்று காட்டிக்கொள்ளாமல் உங்களுக்கு வழிகாட்டுவதுதான் அவர் வேலை. மனம் விட்டுப் பேச வேண்டிய ஆள் அவர்.

வீட்டுக்குள் நுழையும்போது கதவருகே நாற்பது ஐம்பது பேர் கைதட்டிப் பாடுவார்கள். பயந்துவிடாதீர்கள். பிறகு ஒருத்தி கையைப் பிடித்து அழைத்துப் போவாள், சில நிமிடத்தில் இன்னொருத்தி வந்து அவளை விடுவிப்பாள், பிறகு மூன்றாமவள். நீங்கள் வெளியேறிய உடனே மூவரும் உங்களைப் பற்றிக் குறிப்பு எழுதுவார்கள். அவர்கள் நினைவில் நிற்கப்போவது ஒரே ஒரு வரி. 'பரதநாட்டிய அரங்கேற்றம் செய்திருக்கிறேன்' என்பதோடு நிறுத்தினால் 'ஓ, நைஸ்' என்பதோடு முடியும். 'இரண்டரை மணி நேரம் நான் ஒருத்தியே ஆடினேன், நடுவில் சலங்கை அவிழ்ந்துவிட்டது' என்றால் அடுத்த கேள்வி தானாக வரும். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு 'ழ' சொல்லிக்கொடுத்த கதை எந்தச் சுற்றுலாக் கதையையும்விட நன்றாக நிற்கும்.

பெயர் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. பதிவுப் படிவத்தில் பாஸ்போர்ட் பெயரைக் கொடுத்துவிட்டு, வாயால் வேறு சுருக்கப் பெயரைச் சொன்னால், அவர்கள் குறிப்பு எழுதப் பட்டியலில் தேடும்போது ஆளே கிடைக்காது. யாழினி யாழினியாகவே இருக்கலாம், 'யாஸ்' ஆகவும் இருக்கலாம். எதுவானாலும் படிவம், பெயர் அட்டை, வாய் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பா பெயரை முதலெழுத்தாகப் போடும் நம் வழக்கம் அங்கே குடும்பப் பெயர்க் கட்டத்தில் குழப்பும். அழைக்க வேண்டிய பெயர் எது என்று கேட்கும் கட்டத்தைத் தேடி நிரப்புங்கள்.

நீங்களும் கேளுங்கள். 'எது உங்களுக்கு மிகவும் பிடிக்கும்' என்ற கேள்விக்கு எல்லா வீட்டிலும் 'தோழமை' என்றே பதில் வரும். 'போன செவ்வாய்க்கிழமை இரவு என்ன செய்தீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். உண்மை அதில் வரும். போன ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் விலகினார்கள் என்பதும் நல்ல கேள்வி. ஆனால் அதை ப்ரெஃபரன்ஸ் சுற்றுக்கு முந்தைய நாள்வரை வைத்திருங்கள்.

கையெழுத்து

ப்ரெஃபரன்ஸ் சுற்று மற்றவை போல் இருக்காது. விளக்கை மங்கவைத்து, மெழுகுவத்தி ஏற்றி, சீனியர்கள் கண்கலங்கிப் பேசுவார்கள். உங்களுக்கும் தொண்டை அடைக்கும். அந்த நிலையிலேயே வெளியே வந்து நேராக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவீர்கள், இப்போது பெரும்பாலும் கணினித் திரையில். யாரையும் கேட்க நேரமும் இருக்காது. இடையில் சாப்டர் உறுப்பினர்கள் உங்களோடு பேசவே கூடாது என்ற மௌன விதி வேறு. அதனால் அந்த ஒப்பந்தத்தை ஒரு வாரம் முன்பே வாங்கிப் படித்துவிட வேண்டும். வளாகத்தின் பான்ஹெலனிக் அலுவலகத்தில் கேட்டால் கொடுப்பார்கள்.

அதில் இருப்பது இதுதான்: கடைசிச் சுற்றில் நீங்கள் போன வீடுகளில், இடம் தந்தால் ஏற்றுக்கொள்வேன் என்று எவற்றை வரிசைப்படுத்தினீர்களோ, அவற்றில் ஒன்று இடம் தந்தால் அது உங்களைக் கட்டும். தரும் இடத்துக்குப் பெயர் 'பிட்'. நம்மூர்ப் பரீட்சை ஹாலில் பிட் என்றால் வேறு. வந்த பிட்டை வேண்டாம் என்றால் அந்த வளாகத்தில் அடுத்த முதன்மை ரஷ் வரை வேறு பான்ஹெலனிக் சொராரிட்டி எதிலும் சேர முடியாது. 'இரண்டாவதாகச் சும்மா எழுதி வைத்தேன்' என்ற சமாதானம் செல்லாது. மனதார ஏற்க முடியாத வீட்டை எழுதவே கூடாது.

அப்படியானால் பிடித்த ஒன்றை மட்டும் எழுதிவிடலாமே? எழுதலாம், அனுமதி உண்டு. ஆனால் வழக்கமான விதிப்படி, அழைத்த எல்லாச் சுற்றுக்கும் போய், கடைசியில் போன எல்லா வீட்டையும் வரிசைப்படுத்தியவருக்குத்தான், கோட்டா நிரம்பிவிட்டாலும் எங்காவது இடம் பொருத்தித் தரும் ஏற்பாடு இருக்கும். ஒன்றை மட்டும் எழுதினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கிடைத்தால் அது, இல்லாவிட்டால் வெறுங்கை. இந்தப் பொருத்தம் பொருளியலாளர்களுக்கே சுவையான விஷயம். பின்னாளில் 2012இல் நோபல் வாங்கிய ஆல்வின் ராத், 1991இல் இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து இதை அலசினார். பெண்கள் பலர் ஒற்றைப் பெயரை மட்டும் எழுதிக்கொடுப்பதை அவர்கள் கவனித்தார்கள். தெரிந்தே எடுக்கும் அபாயம் என்றால் எடுங்கள். தெரியாமல் எடுப்பவர்கள்தான் மறுநாள் உறையே வராமல் நிற்பது.

வெறுங்கையோடு நின்றால் கதை முடிந்ததா என்றால், இல்லை. கோட்டா நிரம்பாத சாப்டர்கள் அன்றே தொலைபேசியில் அழைப்பதுண்டு. ஆண்டு முழுக்கத் தொடரும் முறைசாரா சேர்ப்பும் உண்டு. அதில் பாட்டு, கைதட்டல் இல்லை. காபி குடித்துக்கொண்டே பேசுவார்கள். கூச்ச சுபாவிகளுக்கு உண்மையில் அதுதான் நல்ல வாசல்.

பணம்

சொல்லப்படும் தொகை ஒன்று, கட்டும் தொகை வேறு. சேரும் பருவத்தில் புது உறுப்பினர் கட்டணம், சேர்ப்புச் சடங்குக் கட்டணம், பேட்ஜ், தேசிய அலுவலகத்துக்கான பங்கு, சாப்டர் சந்தா, வீட்டுப் பராமரிப்புப் பங்கு என்று எல்லாம் ஒன்றாக வரும். வீடே இல்லாத சின்ன அமைப்பில் இது பருவத்துக்குச் சில நூறு டாலரோடு முடியலாம். தென் மாநிலங்களில் மாளிகை போன்ற வீடுள்ள சாப்டரில், அங்கே தங்காவிட்டாலும் ஆயிரங்களில் போகும். கேட்க வேண்டியவை: முதல் பருவம் எவ்வளவு, அதற்குப் பிறகு எவ்வளவு, வீட்டில் தங்குவது கட்டாயமா, எந்த ஆண்டில், கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் எவ்வளவு. பல சாப்டர்களில் இரண்டாம் ஆண்டு வீட்டில் தங்கியே ஆக வேண்டும். தோழியோடு அபார்ட்மென்டுக்கு வாடகை ஒப்பந்தம் போட்ட பிறகு இது தெரியவந்தால் இரண்டு வாடகை.

பட்டியலில் வராத செலவு சட்டைகள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு டி-ஷர்ட், புதியவளுக்கு ஓர் அக்காவை அறிவிக்கும் 'பிக்-லிட்டில்' வாரத்தில் தங்கைக்குப் பரிசுக்கூடை, விருந்துக்கு உடை. ஒரு பருவத்துக்கு இதற்கென்று தனியாக ஒரு தொகையை ஒதுக்கி, அதற்குமேல் இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. தவணை முறை பெரும்பாலும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். வீட்டுச் சமையலறையில் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உணவுத் திட்டத்தில் ஒரு பங்கு கட்டாயமாக இருக்கும். முதலாண்டில் பல்கலைக்கழக உணவுத் திட்டமும் கட்டாயம் என்றால் இரண்டு இடத்தில் பணம், ஒரே வயிறு. சைவக்காரர்கள் 'வெஜிடேரியன் ஆப்ஷன் இருக்கிறதா' என்று கேட்டால் 'இருக்கிறது' என்பார்கள். அது பெரும்பாலும் சீஸ் பாஸ்தாவும் சாலடும்தான். சூப்பில் சிக்கன் ஸ்டாக், இனிப்பில் ஜெலட்டின் பற்றிச் சமையல்காரரிடமே கேளுங்கள். முந்தைய வாரத்து மெனுவைக் காட்டச் சொல்வது இன்னும் எளிது.

நேரத்தையும் பணம்போல் எண்ணுங்கள். வாரம் ஒரு கூட்டம், சேவை நிகழ்ச்சி, படிப்பு மணிநேரம், வருகைப் புள்ளிகள். யாரும் முன்னதாகச் சொல்லாத ஒன்று: அடுத்த ஆண்டு ரஷ்ஷில் நீங்கள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பாட வேண்டும். அதற்குப் பயிற்சி வாரம் உண்டு. ஆகஸ்ட் வளாகமானால் கோடை இன்டர்ன்ஷிப்பை ஒரு வாரம் முன்னதாகவே முடித்துக்கொண்டு ஓடி வர வேண்டியிருக்கும். தேதியை இன்டர்ன்ஷிப் ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டு வையுங்கள்.

தேசி அமைப்புகளின் வழி

தெற்காசிய அமைப்புகளில் நான்கு சுற்றும் இல்லை, கணினிப் பொருத்தமும் இல்லை. தகவல் கூட்டம், ஒரு வார நிகழ்ச்சிகள், அழைப்பின் பேரில் நேர்காணல், பிறகு பிட். அதற்குப் பிறகான சில வாரங்களுக்கு 'ப்ராசஸ்' என்று பெயர். ஒரே பருவத்தில் சேர்பவர்கள் ஒரு 'லைன்'. முடிப்பதை 'கிராஸ்' செய்வது என்பார்கள். கிராஸ் செய்த பிறகு 'ப்ரோபேட்' நடக்கும். முகமூடியோடு வரிசையாக வந்து, அமைப்பின் வரலாற்றையும் கிரேக்க எழுத்துகளையும் ஒரே குரலில் ஒப்பித்து, அடிவைத்து ஆடி, கடைசியில் முகத்தைக் காட்டுவார்கள். இந்த வடிவம் கறுப்பின அமைப்புகளிடமிருந்து வந்தது. அதைத் தெரிந்துகொண்டு மரியாதையாக நடப்பது அவசியம். கிராஸ் செய்யும் முன் அமைப்பின் எழுத்துகளை அணிவதும் கைச்சைகை காட்டுவதும் வேடிக்கைக்குக்கூடக் கூடாது.

டிவைன் நைனில் சேர விரும்புவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே முதல் பருவ மாணவர்களை எடுப்பதில்லை. கல்லூரிப் பாட அலகுகள், சேவைப் பதிவு, பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். ஆர்வத்தை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவரை அவர்கள் விரும்புவதில்லை.

தேசி அமைப்புகளின் பெரிய வசதி, சாப்பாடு, பெற்றோர், தீபாவளி எதையும் விளக்க வேண்டியதில்லை என்பது. குறை, ஆட்கள் குறைவு. ஒரு லைனில் நான்கு பேர், சாப்டரில் மொத்தம் இருபது பேர் என்றால் எல்லாப் பொறுப்பும் எல்லோர் தலையிலும் விழும். இரண்டு பேர் பட்டம் வாங்கிப் போய்விட்டால் சாப்டரே ஆட்டம் காணும். 'தெற்காசியர்' என்று சொன்னாலும் உள்ளே பேச்சு பாலிவுட்டையும் பாங்க்ராவையும் சுற்றியே போவதுண்டு. தமிழ்ப் பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, ஆனால் இது தெரிந்து போக வேண்டும்.

ஃப்ரட்டர்னிட்டியும், அந்த ஒரு இரவும்

ஆண்கள் பக்கம் ரஷ் தளர்வானது. ஒரு வாரம் வீடு வீடாகப் போய், பர்கர் தின்று, கூடைப்பந்து ஆடி, பேசிவிட்டு வருவது. பிடித்துப்போனால் கையில் பிட் கார்டு. ஒன்றுக்கு மேற்பட்டவை வந்தால் நீங்களே தேர்ந்துகொள்ளலாம். சொராரிட்டி வீடுகளில் பெரும்பாலும் மதுவுக்குத் தடை. அதனால் பார்ட்டி எல்லாம் ஃப்ரட் வீடுகளில்தான், ஆபத்தும் அங்கேதான் அதிகம்.

'ஹேசிங்' என்பதைப் பெற்றோரிடம் 'ராகிங் மாதிரி' என்று சொன்னால் உடனே புரியும். 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொலையுண்டதும், 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்ததும் நம் தலைமுறைக்கு மறக்காது. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. ராகிங் உங்களைத் தேடி வருகிறது. ஹேசிங்குக்கு நீங்களே 'சரி' என்று சொல்லிப் போகிறீர்கள். அதனால்தான் பாதியில் எழுந்து வருவது அவ்வளவு கடினமாக இருக்கிறது. பல மாநிலச் சட்டங்கள் 'அவனே சம்மதித்தான்' என்ற வாதத்தை ஏற்பதில்லை. உங்கள் பிள்ளைக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

மிக ஆபத்தான இரவு எது என்று கேட்டால் 'பிக்-லிட்டில்' இரவைத்தான் சொல்ல வேண்டும். புதியவனுக்கு ஓர் அண்ணனை அறிவிக்கும் இரவு அது. 'குடும்பப் பாட்டில்' என்று ஒரு முழு பாட்டில் மதுவைக் கொடுத்து முடிக்கச் சொல்வது பல இடங்களில் எழுதாத வழக்கம். 2021இல் மட்டும் பிப்ரவரியில் வர்ஜீனியாவில் ஒருவர், மார்ச்சில் ஒஹாயோவில் ஒருவர் இப்படி இறந்தார்கள். அக்டோபரில் மிசௌரியில் இன்னொருவர் பார்வையும் பேச்சும் இழந்தார். முந்தைய வாரங்களில் கௌரவமாக நடந்துகொண்ட வீடாயிற்றே என்று நம்பி அந்த இரவுக்குப் போகக் கூடாது.

ஆசிய அமைப்பு என்றால் இதெல்லாம் இருக்காது என்றும் நினைக்க வேண்டாம். 2013 டிசம்பரில் நியூயார்க்கிலிருந்து ஓர் ஆசிய அமெரிக்க ஃப்ரட்டர்னிட்டி புது மாணவர்களைப் பென்சில்வேனியாவின் போகொனோ மலைக்கு அழைத்துப் போனது. கண்ணைக் கட்டி, முதுகில் பாரம் ஏற்றி, பனியில் இடித்துத் தள்ளும் சடங்கில் ஒரு முதலாண்டு மாணவர் இறந்தார். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் தாமதித்தார்கள். 2018இல் நீதிமன்றம் அந்த அமைப்பையே பென்சில்வேனியாவில் பத்தாண்டுக்குத் தடை செய்தது.

ஆபத்தின் அறிகுறிகள் ஒன்றுபோலவே இருக்கும். கைப்பேசியை வாங்கி வைப்பது, எங்கே போகிறோம் என்று சொல்லாமல் வண்டியில் ஏற்றுவது, 'வெளியே சொல்லாதே' என்பது, சீனியருக்குக் கடைக்குப் போய்வரச் சொல்வது, இரவெல்லாம் தூங்கவிடாமல் மனப்பாடம் கேட்பது. யாராவது குடித்து எழுப்ப முடியாமல் கிடந்தால், மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைந்தால், உதடு நீலம் பாய்ந்தால், 'தூங்கித் தெளியட்டும்' என்று விடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 911. உதவிக்கு அழைத்தவரைக் குடித்த குற்றத்துக்காகத் தண்டிக்காத சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது.

2024 டிசம்பரில் நாடு முழுவதற்குமான ஹேசிங் தடுப்புச் சட்டம் கையெழுத்தானது. அதன்படி கல்லூரிகள், எந்த அமைப்பு என்ன செய்து பிடிபட்டது, என்ன தண்டனை என்ற அறிக்கையைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். ரஷ்ஷுக்கு முன் அதைத் தேடிப் பத்து நிமிடம் படியுங்கள். சாப்டர் இப்போது கண்காணிப்பில் இருக்கிறதா என்பதும் அதிலிருந்து தெரியவரும்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இரண்டு கூடுதல் எச்சரிக்கை. 21 வயதுக்குள் குடிப்பது, போலி அடையாள அட்டை இவற்றுக்கு உள்ளூர் நண்பனுக்கு அபராதத்தோடு போகலாம். உங்களுக்கு அது விசா பிரச்சினை ஆகலாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், தீர்ப்பு வரும் முன்பே விசா ரத்தாவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அடுத்தது, வளாகத்துக்கு வெளியே உள்ள வீட்டின் சமையலறையில் பாத்திரம் கழுவினால் சாப்பாடு இலவசம் என்பது போன்ற ஏற்பாடு. கையில் காசு வாங்காவிட்டாலும் அது ஊதியமாகக் கணக்காகலாம். ஒப்புக்கொள்ளும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

சேர்ந்த பிறகு சரிப்படவில்லை என்றால், சேர்ப்புச் சடங்குக்கு முந்தைய வாரங்கள்தான் விலகும் காலம். சொராரிட்டிகளில் அது பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம். அதற்குள் விலகினால் அடுத்த ரஷ்ஷில் வேறு இடம் தேடலாம். சடங்கு முடிந்த பிறகு விலகினால் வேறு எந்த பான்ஹெலனிக் சொராரிட்டியிலும் ஆயுளுக்கும் சேர முடியாது. பேட்ஜில் பொறிக்கப் பெயரெழுத்துக் கேட்டு ஒரு படிவம் வரும். அதுதான் மணி அடிக்கும் நேரம். விலகுவதானால் அதை நிரப்பும் முன், தலைவருக்கும் பொருளாளருக்கும் தேதியிட்டு மின்னஞ்சல் அனுப்பி, கிடைத்தது என்ற பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதைப் பொருளாளர் கணக்கில் ஏற்ற மாட்டார், அடுத்த மாதமும் பில் வரும்.